வாசகசாலையில் அமானுஷ்யக் கூட்டம்: பியர்ஸ் எழுந்து போனாரா, இல்லையா?

வேப்பமரத்தடி:
ஞாயிற்றுக்கிழமை நம் வாசகசாலை மாடியில் நடந்த "அமானுஷ்யம்: பேச்சும் சோதனையும்" கூட்டத்துக்கு யாராவது போனீர்களா? எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. பேச வந்தவர் மைக்கைப் பிடித்து, "டியூக் பல்கலைக்கழகத்தில் 1933-34லேயே மனதால் சீட்டை அறிவது நிரூபணமாகிவிட்டது, மோசடிக்கு இடமே இல்லை" என்று அடித்துவிட்டார். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே ரைன் என்பவரின் ஆய்வு. பியர்ஸ் என்ற இறையியல் மாணவர் நூலகத்தின் புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு தடுப்பில் உட்கார்ந்திருப்பார். நூறு கஜத்துக்கு அப்பால் வேறொரு கட்டடத்தில் பிராட் என்ற ஆய்வாளர் நிமிடத்துக்கு ஒரு சீட்டாகக் கவிழ்த்தபடியே எடுத்து வைப்பார். அது என்ன சீட்டு என்று பியர்ஸ் இங்கிருந்தே மனதால் அறிந்து எழுத வேண்டும். நட்சத்திரம், வட்டம், சதுரம், கூட்டல் குறி, அலைக்கோடு என்று ஐந்து வகைச் சீட்டு. மொத்தம் 1850 சீட்டில் 558 சரி. குருட்டாம்போக்கில் சொன்னால் 370தான் வரும். எல்லாம் சரி. நூலகத்துக்குள் பியர்ஸைக் கவனிக்க ஓர் ஆள்கூட இல்லை என்பதை மட்டும் பேச்சாளர் ஏன் விழுங்கினார்?

சங்கு_72:
கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கலாமே. அங்கே கைதட்டிவிட்டு இங்கே வந்து வீரம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
நான் கேட்டேன். "நேரமாகிவிட்டது ஐயா" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். சரி, இங்கே கேட்கிறேன். பியர்ஸ் நூலகத்துக்குள் நுழைவதைப் பிராட் தன் ஜன்னலிலிருந்து பார்த்தார். வெளியே வந்தாரா என்று பார்த்தது யார்? ஒருவரும் இல்லை. ஹேன்சல் என்ற பிரிட்டன் உளவியலாளர் 1960இல் டியூக்குக்கே போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: பியர்ஸ் நைசாக எழுந்து வந்து, பிராட்டின் அறைக்கு வெளியே நின்று, கடைசியில் பிராட் சீட்டுகளைப் புரட்டிப் பட்டியல் எழுதும்போது எட்டிப் பார்த்திருக்கலாம். வாய்ப்பேச்சு இல்லை. அங்கிருந்த ஓர் ஆய்வாளரைச் சீட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, தானே நாற்காலியில் ஏறிக் கதவின் மேலிடுக்கு வழியாகப் பார்த்து 25 சீட்டுக்கு 22 சரியாகச் சொன்னார். ஆக, ஒரே கேள்வி: பியர்ஸ் எழுந்து போனாரா, இல்லையா?

சங்கு_72:
ஹேன்சல் நாற்காலியில் ஏறினார் என்பதால் பியர்ஸும் ஏறினார் என்று ஆகிவிடுமா? என் பக்கத்து வீட்டு மாடியில் திருடன் ஏற முடியும். அதனால் ஏறினான் என்று ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாமா? மறுபிறவி ஆய்வு செய்த மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1967இல் பதில் எழுதியிருக்கிறார். ஹேன்சல் போட்ட வரைபடம் அளவுக்கு ஏற்றதே அல்ல. கட்டடத்தின் அசல் வரைபடப்படி தாழ்வாரத்தில் நின்றால் பிராட்டின் மேஜை தெரியாது. இதைத் தலைமையாசிரியர் படிக்கவில்லை போலும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
படித்திருக்கிறேன் தம்பி. நீ பிறப்பதற்கு முன்பே படித்திருக்கிறேன். வரைபடத்தை விடு. எழுந்து போனாரா, இல்லையா?

சங்கு_72:
இல்லை என்று பியர்ஸே பின்னாளில் எழுத்தில் கொடுத்திருக்கிறார். மதபோதகராக இருந்தவர்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
முப்பது வருடம் பரீட்சை ஹாலில் நின்றவன் நான். "பிட் அடித்தாயா?" என்று கேட்டால் எந்தப் பையன் "ஆமாம் சார்" என்றிருக்கிறான்? மதபோதகர் பையனும் சொல்ல மாட்டான். அறைக்குள் ஒரு கண்காணிப்பாளர். அவ்வளவுதான் தேவை. அதைப் போடாமல் விட்டுவிட்டு 558 என்ன, 1850ம் சரியாக வந்தாலும் எனக்குப் பொருட்டில்லை.

கீதா_மயிலை:
நூலகத்தை விடுங்கள், நம் மாடியில் நடந்ததைப் பேசுவோமா? நான் மூன்றாவது வரிசை. சீட்டுகளைக் காலண்டர் அட்டையில் வெட்டி மார்க்கர் பேனாவால் வரைந்திருந்தார்கள். டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கியபோது அலைக்கோடு பின்பக்கம் ஊறித் தெரிந்தது. எனக்கே தெரிந்தது என்றால் முன்வரிசைக்குச் சொல்ல வேண்டாம். 1930களில் அமெரிக்காவில் கடையில் விற்ற சீட்டுகளுக்கே இந்தப் புகார் வந்தது. அப்புறம் ஒருவர் 25க்கு 9 எடுத்தார் என்று துண்டு போர்த்தினார்களே. குருட்டாம்போக்கில் 9 அல்லது அதற்கு மேல் வர ஏறக்குறைய இருபத்தோரு பேரில் ஒருவருக்கு வாய்ப்பு உண்டு. கூட்டத்தில் நாற்பது பேர் எழுதினார்கள். இரண்டு பேருக்கு வந்திருக்க வேண்டும். ஒருவருக்குத்தான் வந்தது. துண்டு மிச்சம்.

வாசகசாலைத் தொண்டன்:
அம்மா, அந்த அட்டையை வெட்டியது நான். கடையில் வாங்க எங்களிடம் நிதி இல்லை. குறை சொல்கிறவர்கள் நன்கொடைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை.

சங்கு_72:
கீதா அவர்களே, ஒருவர் 9 எடுத்தது தற்செயல் என்றால், 1850க்கு 558 எடுத்ததும் தற்செயலா?

கீதா_மயிலை:
இல்லை. அது தற்செயலாக வராது. அதனால்தான் வேறு வழி ஏதாவது இருந்ததா என்று தேடுகிறார்கள். இது புரிய நட்சத்திரச் சீட்டு வேண்டாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். எழுந்து போனார்.

சங்கு_72:
"போனாரா இல்லையா" என்று ஆரம்பித்து இப்போது "போனார்" ஆகிவிட்டதா? சாட்சி?

நல்லூரான்:
இதையெல்லாம் எங்கட பகுத்தறிவுவாதி ஆபிரகாம் கோவூர் எப்பவோ முடித்துவிட்டார். 1963இல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். உறையில் ஒட்டி வைத்த நோட்டின் எண்ணைச் சொல்லு, காசை எடுத்துக்கொண்டு போ. 1978இல் சாகும்வரை ஒருவரும் வெல்லவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த மனிசன். நீங்கள் ஏன் அமெரிக்காக் கதவிடுக்கைப் பிடித்துக்கொண்டு கதைக்கிறீர்கள்?

வேப்பமரத்தடி:
கோவூர் திருவல்லாக்காரர். கேரளம். "எங்கட" எங்கிருந்து வந்தது?

நல்லூரான்:
பிறந்தது அங்கே. சாமியார்களோடு மோதியது இலங்கையில். உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லை என்ற கடுப்பா?

வேப்பமரத்தடி:
எங்கள் ஊரில் யாரும் இல்லையா? பெரியார் யார் ஐயா?

சங்கு_72:
வந்துவிட்டார்கள். இனி இருநூறு பதில் ஓடும்.

அமைதிவிரும்பி:
ஒரு சந்தேகம். கூட்டம் ஆவி பற்றியா, மனதால் சீட்டை அறிவது பற்றியா? இரண்டும் ஒன்றல்லவே. எதை மறுக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
எதுவாக இருந்தாலும் கண்காணிப்பாளர் வேண்டும். தொண்டனிடம் ஒன்று கேட்கிறேன். போன கோடையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசக் கணக்கு வகுப்பு எடுக்க இதே மாடியைக் கேட்டேன். மின்விசிறி ஓடவில்லை, மாடி ஒழுகுகிறது என்றீர்கள். இப்போது அமானுஷ்யத்துக்கு மட்டும் விசிறி எப்படிச் சுற்றுகிறது? ஆவி வந்து சுற்றுகிறதா?

வாசகசாலைத் தொண்டன்:
விசிறி தை மாதம் பழுது பார்த்தோம். ரசீது இருக்கிறது. உங்கள் கணக்கு வகுப்புக்கு ஐந்து பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் உங்கள் பேரப்பிள்ளைகள். இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். எட்டுப் பேர் புதிதாக உறுப்பினர் ஆனார்கள். நூலகத்துக்குள் ஆள் வர வேண்டும் ஐயா. வந்தால் புத்தகத்தையும் தொடுவார்கள்.

கீதா_மயிலை:
வரட்டும், நானும் அடுத்த மாதம் வருவேன். காசு நகரும் பலகைச் சோதனை என்று நோட்டீஸ் பார்த்தேன். ஒரு யோசனை. 1853இல் மேஜை தானாக நகர்கிறது என்று லண்டனே ஆடியபோது ஃபாரடே செய்ததைச் செய்யுங்கள். கைக்கும் மேஜைக்கும் நடுவே மென்மையான பசை தடவிய அட்டைகளை அடுக்கினார். மேஜை முதலில் நகர்ந்தால் அடியிலுள்ள அட்டை முந்தும், கை தள்ளினால் மேலுள்ளது முந்தும். மேலுள்ளதுதான் முந்தியது. உட்கார்ந்தவர்கள் யாரும் ஏமாற்றவில்லை, தாங்கள் தள்ளுவது அவர்களுக்கே தெரியவில்லை. நூலகம் இதைச் செய்து காட்டினால் நானே நன்கொடைப் புத்தகத்தில் எழுதுகிறேன்.

சங்கு_72:
நல்ல யோசனை. ஆனால் பேச்சாளரை வைத்துச் செய்யுங்கள், அவர் இல்லாதபோது கேலி செய்ய வேண்டாம். பியர்ஸ் விஷயத்தில் ஒரு சாட்சியும் இல்லாமல் செத்த மனிதரைத் திருடன் ஆக்கியதுபோல் ஆக வேண்டாம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
திருடன் என்று நான் சொல்லவில்லை. எழுந்து போனார் என்றேன்.

நல்லூரான்:
கோவூர் இருந்திருந்தால்...

வேப்பமரத்தடி:
போதும் ஐயா.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
காசுப் பலகைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். பூட்டும் சாவியும் என் செலவு. பலகையில் விரல் வைக்கிறவர்கள் கண்ணைக் கட்டிவிட்டுப் பலகையைத் திருப்பி வைப்பேன். அப்போதும் ஆவிக்கு எழுத்து சரியாக வருகிறதா பார்ப்போம்.

வாசகசாலைத் தொண்டன்:
தாராளமாக வாருங்கள். வரும்போது உங்கள் பெயரில் இரண்டு வருடமாகத் திரும்பாத திரிகோணமிதிப் புத்தகத்தையும் சந்தா பாக்கியையும் கொண்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
சந்தா பாக்கி எனக்கா? ரசீது எண் சொல்லட்டுமா? புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் ஆள் பதிவேட்டில் எழுதவில்லை.

சங்கு_72:
வைத்ததைப் பார்த்தது யார்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
உன்னிடம் யார் கேட்டது?