பலாலி விமான நிலையம் 2019இல்தான் தொடங்கியதா?

கோண்டாவிலான்:
அக்காவைத் திருச்சி விமானத்தில் ஏற்றிவிடுவதற்காக அண்மையில் பலாலிக்குப் போயிருந்தபோது, கூட வந்த அம்மம்மா, தம்முடைய தகப்பனாரும் இதே இடத்தில்தான் விமானமேறித் திருச்சிக்குப் போனார் என்றார். பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019இல் திறக்கப்பட்டது என்றே நான் அறிந்திருந்தேன். விபரம் தெரிந்தவர்கள் விளக்குவீர்களா?

பழைய பயணி:
தம்பி, அம்மம்மா சொன்னது சரியே. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் அன்றைய தேசிய விமான நிறுவனமான எயர் சிலோனின் முதலாவது பயணிகள் சேவை, டகோட்டா விமானத்தில், கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இங்கு இறங்கியே சென்னைக்குப் போனது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் முந்திய நாள் அது. பழைய குறிப்புகளில் அருகிலுள்ள காங்கேசன்துறை என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், விமானம் இறங்கியது பலாலியில்தான். திருச்சிச் சேவை பின்னர் வந்தது. ஆகவே 2019இல் நடந்ததை மீள்திறப்பு என்று சொல்வதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

மயிலிட்டி மைந்தன்:
இடைப்பட்ட காலத்தையும் சொல்லத்தான் வேண்டும். எயர் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. உள்நாட்டுப் போர் தொடங்கியபின் பலாலி படைத்தளமாகி, 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்ததும், சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கிவிட்டன. அவ்வாறு அடங்கிய மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டதே 2017இல்தான். தரைப்பாதை அடைபட்டிருந்த காலத்தில் கொழும்புக்குச் செல்வதற்கு இங்கிருந்து பறந்த சிறு விமானங்களைப் பலர் நம்பியிருந்தனர். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடற்பரப்பில் காணாமற்போனது. அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அருகே கண்டெடுக்கப்பட 2012 ஆகிவிட்டது.

ஓடுபாதை:
மீதியை நான் சொல்கிறேன். 2019 ஒக்டோபர் 17 அன்று திறப்பு விழா நடந்தது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் எயர் சென்னைக்குச் சேவை நடத்தியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற அச்சேவை, 2022 டிசம்பர் 12 அன்றே மீண்டது. இன்டிகோ 2024 செப்டம்பரில் சென்னைக்கும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. இரு நிறுவனங்களும் ஏறத்தாழ எழுபது பேர் அமரும் ஏடிஆர் 72 வகை விமானங்களையே அனுப்புவதற்குக் காரணம், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர் மட்டுமே என்பதாகும். ஏர்பஸ் 320 போன்றவை இறங்குவதற்கு அதை 2,300 மீற்றராக நீட்ட வேண்டுமென்று 2019ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே கூறப்பட்டிருந்தது.

கோண்டாவிலான்:
மூவருக்கும் நன்றி. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். டகோட்டா என்ற பெயரைக் கேட்டதும், "அதுதான், அதுதான்" என்று தலையாட்டினார்.