தளத்தைத் திறந்ததும் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி: உங்களுக்கும் நடந்ததா?

பழையமவுஸ்:
லாகினே தேவைப்படாத முகப்புப் பக்கம். திடீரென்று யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி. அதில் இருந்த முகவரி எங்கள் தளத்துடையதே இல்லை. எஃப்12 தட்டி, பக்கம் எங்கிருந்து எதை இறக்குகிறது என்று காட்டும் நெட்வொர்க் பட்டியலைப் பார்த்தால், வரிசையாக 200 (சரியாக வந்தது), நடுவில் சிவப்பாக ஒரே ஒரு 401 (பாஸ்வேர்டு கேட்கிறது). எப்போதோ ஒரு விட்ஜெட்டுக்காகப் போட்ட ஸ்கிரிப்ட், அதன் டொமைன் கைமாறியிருக்கிறது. வரியை எடுத்ததும் பெட்டி போய்விட்டது. ஆனால் அதற்குள் எத்தனை வாசகர்கள் எங்கள் தளம்தான் கேட்கிறது என்று நம்பி பாஸ்வேர்டைத் தட்டினார்களோ! தட்டியது எல்லாம் நேராக அந்த சர்வருக்குத்தானே போயிருக்கும்.

இரவுப்பறவை:
எனக்குப் பெட்டி வரவே இல்லை, வாசகர்களுக்கு மட்டும் வந்தது. ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்டு, விண்டோஸ்+ஆர் அழுத்தி எதையோ பேஸ்ட் செய்யச் சொல்லி, வாசகர் கையாலேயே வைரஸை ஓட வைக்கும் வகை. அட்மினாக லாகின் செய்திருந்தால் தளம் சுத்தமாகத் தெரியும், கூகுள் தேடலிலிருந்து வந்தால்தான் அது முகம் காட்டும். கடைசியில் வேர்ட்பிரஸின் மியூ-ப்ளகின்ஸ் (தானாகவே ஓடும் ப்ளகின்கள்) ஃபோல்டரில் சிக்கியது. அங்கே இருப்பது வழக்கமான ப்ளகின் பட்டியலில் வராது. உள்ளே ஈவல், பேஸ்64 என்று நிரலை மறைத்து ஓட்டும் வித்தைகள், அப்புறம் முடிவே இல்லாத ஒரே வரி. அழித்துவிட்டு ரெஃப்ரெஷ் செய்தேன். அதே ஃபைல், அதே சைஸ், பழைய தேதியோடு உட்கார்ந்திருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

செமிகோலன்:
பழையமவுஸ், வரியை எடுத்ததோடு விட்டுவிட்டீர்களா? 401 வந்தது உங்கள் அதிர்ஷ்டம். பூட்டுக்குப் பதில் அந்த டொமைனை வாங்கிய ஆள் வேறு ஸ்கிரிப்டை வைத்திருந்தால் சத்தமே இல்லாமல் ஓடியிருக்கும். 2024-இல் பாலிஃபில்.ஐஓ (பழைய பிரவுசர்களுக்கு உதவும் ஸ்கிரிப்டைத் தந்த தளம்) கதை அதுதான்: பிப்ரவரியில் டொமைன் கைமாறியது, ஜூனில் பார்த்தால் மொபைல் வாசகர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. வெளி ஸ்கிரிப்ட் எதுவானாலும் உங்கள் சர்வருக்கே கொண்டுவந்துவிடுங்கள். முடியாவிட்டால் ஸ்கிரிப்ட் வரியில் இன்டெக்ரிட்டி ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) போடுங்கள், ஃபைல் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்டாது.

இரவுப்பறவை, திரும்பி வருகிறது என்றால் போட்டவன் இன்னும் உள்ளே இருக்கிறான். கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), அப்லோட்ஸ் ஃபோல்டரில் படங்களுக்கு நடுவே பிஎச்பி நிரல் ஃபைல், டேட்டாபேஸில் தெரியாத அட்மின் என்று எல்லாம் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, கான்ஃபிக் ஃபைலில் சால்ட் வரிகளையும் (லாகின் குக்கிகளைக் காக்கும் ரகசிய எழுத்துகள்) மாற்றுங்கள், அப்போதுதான் லாகினில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே விழுவார்கள். ஃபைல் தேதியை நம்பவே நம்பாதீர்கள், அதை மாற்ற ஒரே கமாண்ட்.

என் தளத்திலும் ஒருமுறை வந்தது, .எச்டிஆக்சஸ் என்ற சர்வர் அமைப்பு ஃபைலில், வாசகர்களை வேறு தளத்துக்குத் திருப்பும் ஒரு ரீடைரக்ட். பெரிய கதை இல்லை.

மௌனராகம்2:
எல்லாவற்றுக்கும் ஹேக் என்று பயமுறுத்தாதீர்கள் செமிகோலன். எங்களுக்கு வந்த பெட்டிக்குக் காரணம் ஸ்டேஜிங் சர்வர், அதாவது வெளியிடும் முன் தளத்தைச் சோதித்துப் பார்க்கும் சர்வர். தளத்தை லைவுக்கு மாற்றியவர்கள் ஒரு சிஎஸ்எஸ் ஃபைலின் (பக்கத்தின் தோற்றத்துக்கானது) முகவரியை மாற்ற விட்டுவிட்டார்கள், ஸ்டேஜிங்கில் பாஸ்வேர்டு பூட்டு. டெவலப்பர்களின் பிரவுசரில் அந்தப் பாஸ்வேர்டு ஏற்கெனவே இருந்ததால் அவர்கள் யாருக்கும் பெட்டி தெரியவில்லை. “எங்களுக்கு வரவில்லையே சார்” என்று வாடிக்கையாளரிடமே சொன்னார்கள், நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

இரவுப்பறவை:
செமிகோலன், கிரானில்தான் இருந்தது. அழித்தாயிற்று. தெரியாத அட்மின் ஒன்றும் இருக்கிறது, பெயர் என் பெயர் மாதிரியே, ஓர் எழுத்து மட்டும் கூடுதல்.