ஜி.பி.ஏ. வரைபடத்தில் ஸ்ட்ரெயின் குறைவாக வருகிறது, ஏன்?

கேள்வி: பனங்கிழங்கு

சிலிக்கான் மேல் 20 சதவீத ஜெர்மேனியம் கலந்த அடுக்கு, தடிமன் 50 நானோமீட்டர். எஃப்.ஐ.பி.யில் (அயனிக் கற்றையால் சீவும் கருவி) லாமெல்லா (மெல்லிய சீவல்) வெட்டி, எஸ்.டி.இ.எம். (எலக்ட்ரான் பீமை வரிவரியாக ஓட்டும் நுண்ணோக்கி) படம் எடுத்து, அணு இடைவெளி எவ்வளவு மாறியிருக்கிறது (ஸ்ட்ரெயின்) என்று படத்திலிருந்து கணக்கிடும் ஜி.பி.ஏ. ஓட்டினேன். வளர்ச்சித் திசையில் 1 சதவீதம்தான் காட்டுகிறது, கணக்குப்படி 1.3 வரவேண்டும். பக்கவாட்டிலோ வெறும் சுழியம். ஜெர்மேனியம் குறைந்திருக்கும் என்கிறார் கைடு. ஆனால் வெட்டுவதற்கு முன் வேஃபரில் (முழுச் சிலிக்கான் தகடு) எடுத்த எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ்ரே அளவீடு) 20 சரியாகவே வந்தது.

பதில்: டி.இ.எம்.காரன்

பக்கவாட்டில் சுழியம் வந்தால் சந்தோஷப்படுங்கள். ஜி.பி.ஏ. சொல்வது, நீங்கள் ஒப்பீட்டுக்காகக் கட்டம் போட்ட ரெஃபரன்ஸ் பகுதியிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டும்தான். கீழே உள்ள சிலிக்கானோடு அணுவுக்கு அணு பொருந்தி அடுக்கு வளர்ந்திருந்தால் சுழியம்தான் வரும். தன் இயல்பான அளவிலிருந்து அது முக்கால் சதவீதம் போல அமுங்கியே இருக்கிறது. படத்தில் அது தெரியாது.

அப்புறம் அந்த 1 சதவீதம். வேஃபரில் இரண்டு பக்கவாட்டுத் திசையிலும் அமுக்குவதால்தான் அடுக்கு மேல்நோக்கி 1.3 நீள்கிறது. லாமெல்லாவாகச் சீவியதும் எலக்ட்ரான் போகும் திசையில் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அந்தப் பக்கம் விரிந்துகொள்ளும், உயரம் இறங்கிவிடும். அந்தத் திசையில் முழுக்கத் தளர்ந்தால் 1 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். ஜெர்மேனியத்தின் மேல் பழி போடாதீர்கள். லாமெல்லா எவ்வளவு தடிமன்?

பனங்கிழங்கு

40 நானோமீட்டர் இருக்கும் அண்ணா. வரைபடத்தில் கிடைமட்டமாகக் கோடு கோடாகவும் வருகிறது.

பதில்: இரவு ஷிப்ட்

கோடுகள் ஸ்கேன் கோளாறு. ஒவ்வொரு வரி முடிந்ததும் பீம் திரும்பி வந்து சரியாக அதே இடத்தில் நிற்காது. ஸ்டேஜும் மெல்ல நகரும். ஸ்கேனை 90 டிகிரி திருப்பி, வேகமான திசை வளர்ச்சித் திசையோடு போகும்படி வையுங்கள். மெதுவாக ஒரே படம் எடுக்காமல், வேகமாகப் பல படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கூட்டுங்கள்.

பதில்: டி.இ.எம்.காரன்

அடுக்கைவிட லாமெல்லாவே மெலிசு, தளராமல் என்ன செய்யும்! உங்கள் தடிமனை வைத்து ஃபைனைட் எலிமென்ட் கணக்கு (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் போடுவது) போட்டு ஒப்பிடுங்கள். முடிந்தால் இன்னும் தடித்த லாமெல்லா ஒன்று வெட்டி, ப்ரிசெஷனோடு (பீமைச் சாய்த்துச் சுழற்றி) நானோபீம் டிஃப்ராக்‌ஷன் (நுண்ணிய பீம் சிதறும் விதத்தை வைத்து அணு இடைவெளி அளப்பது) எடுங்கள்; எண் 1.3 பக்கம் ஏறினால் கைடும் ஒப்புக்கொள்வார். ஜி.பி.ஏ.வில் 0.1 சதவீதத்துக்குக் கீழ் நம்புவது கஷ்டம், நானோபீமில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். எந்த முறையானாலும் மெலிசாக வெட்டினால் தளர்வு இருக்கத்தான் செய்யும். படம் போடும்போது ரெஃபரன்ஸ் கட்டத்தையும் வரைந்து காட்டுங்கள். நிறையப் பேர் அதைப் போடுவதே இல்லை.