மறு: வால் ஒட்டிய இலத்தீன் எகரத்துக்கு என்ன பெயர்?

வணக்கம்.

அடியில் வால் தொங்கும் இலத்தீன் எகரத்தை (ę) "இணை எகரம்" என்று அழைக்கலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. பிறப்பைப் பார்த்தால் அது சரிதான். இடைக்கால இலத்தீன் சுவடிகளில் அகரமும் (a) எகரமும் (e) அடுத்தடுத்து வரும் இடத்தில், அகரத்தைச் சுருக்கி எகரத்தின் அடியில் ஒரு சின்ன வளைவாகத் தொங்கவிட்டார்கள். ஆனால் பேச்சில் அந்த இரட்டையும் வெறும் எகரமும் அதற்கு முன்பே ஒன்றாகிவிட்டதால், எங்கே வால் போடுவது, எங்கே விடுவது என்று எழுதியவர்களுக்கே குழப்பம். திருச்சபையைக் குறிக்கும் 'எக்லேசியா'வின் முதலெழுத்தில் அகரத்துக்கு வேலையே இல்லை, அதற்கும் வால் போட்ட சுவடிகள் நிறைய உண்டு. அங்கே போய் இணை என்றால் எதோடு இணை?

12ஆம் நூற்றாண்டு வாக்கில் வால் மெல்ல உதிர்ந்து வெறும் எகரம் நின்றது. அதே நூற்றாண்டில் ஐஸ்லாந்தில், பெயர் தெரியாத ஓர் இலக்கண ஆசிரியர் தம் மொழியின் வேறோர் உயிருக்கு இதே வடிவத்தை எடுத்துக்கொள்கிறார், ஒகரத்துக்கும் ஒரு வால் வைக்கிறார். போலந்து நாட்டின் இன்றைய போலிய மொழியில் இது மூக்கொலி உயிர். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் போலிய எழுத்துக்கும் சுவடி எழுத்துக்கும் 0119 என்ற ஒரே இடம்தான்.

அதனால் ஒலியை வைத்துப் பெயரிட்டால் நிற்காது, வடிவத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் மரபும் அப்படித்தான் செய்திருக்கிறது. தொல்காப்பியத்தில் மெய்க்கும் புள்ளி, குறில் எகர ஒகரத்துக்கும் புள்ளி. வேலை இரண்டு, பெயர் ஒன்று. இலத்தீனில் 'கவுடா' என்றால் வால், போலியர்களின் 'ஒகோனெக்'கும் குட்டி வால்தான். ஆகவே வாலெகரம், வாலொகரம், பொதுப்பெயராக வாலெழுத்து என்று வைக்கலாம். எழுத்தோடு ஒட்டும் இத்தகைய குறிகளுக்கு "ஒலிக்குறி" என்ற வகைப்பெயரையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிட்டு, துணைக்குறி என்றே போடுவோம்.

வாலுக்குப் பதிலாகக் "கொம்பு" என்ற பெயர் வேண்டவே வேண்டாம், அது கெ, கே எழுதும்போது நம்மிடமே வேலையில் இருக்கிறது. "கொக்கி" என்ற பெயர் மோசமில்லை, ஆனால் வியட்நாமிய உயிரெழுத்துகளின் தலையில் உட்காரும் குறிக்கு அந்தச் சொல் நன்றாகப் பொருந்தும், அதற்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், சுருக்கமாக "வாலி" என்று வைக்கச் சொன்ன நண்பருக்கு: கிஷ்கிந்தையை நினைக்காமல் அதை யாராலும் படிக்க முடியாது, விட்டுவிடுங்கள்.