'வலீதோ'வுக்குத் தமிழில் என்ன: பிரதமரா, அணுக்கரா?

குழுவினருக்கு வணக்கம்.

லெர்மா கோமகன் கட்டுரையின் வரைவில் ஒரு சொல் உறுத்துகிறது. மூன்றாம் பிலிப் 1598-ல் அரியணை ஏறியது முதல் 1618 வரை ஸ்பெயினை நடைமுறையில் ஆண்டவர் பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ சாந்தொவால்; இவர்தான் லெர்மா கோமகன். வரைவு அவரைப் 'பிரதமர்' என்கிறது. ஸ்பானியர் சொல்வது 'வலீதோ'. பழைய வழக்கில் 'பிரிவாதோ'. பிரதமர் என்றால் படிப்பவர் நியமன ஆணையையும் முத்திரையையும் தேடுவார். அப்படி ஒரு பதவியே கிடையாது. அரசன் இவரை நம்பினார், மற்றவர்கள் இவர் வழியாகப் போனார்கள், அவ்வளவுதான்.

என் முன்மொழிவு: அணுக்கர். திருவாரூர்க் கல்வெட்டில் முதலாம் ராஜேந்திரனின் 'அணுக்கியார் பரவை நங்கையார்' வருகிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையை ஒட்டிய வாயிலுக்குத் 'திருவணுக்கன் திருவாயில்' என்று பெயர். நெருங்க முடிந்தவர் என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. 'தளவாய்', 'பிரதானி' இரண்டையும் யோசித்தேன். இரண்டும் நாயக்கர் ஆட்சியில் முறையான பதவிகள் என்பதால் இங்கே ஒட்டாது.

————

> அரசன் இவரை நம்பினார், மற்றவர்கள் இவர் வழியாகப் போனார்கள், அவ்வளவுதான்.

அணுக்கருக்கு என் ஓட்டும் உண்டு, ஐயா. ஆனால் இந்த 'அவ்வளவுதான்' சரியில்லை. நம்பிக்கை மட்டும் இருபது ஆண்டு தாங்காது. வலீதோ பதவியில்லைதான், அதைத் தாங்கி நின்றவை பதவிகள். அவற்றுக்கும் தமிழ்ப்பெயர் வேண்டும்.

ஸ்பானிய அரண்மனை 1548 முதல் பர்கண்டி முறைப்படி, அதாவது பர்கண்டி கோமக்களின் அரண்மனை ஒழுங்குப்படி, நடந்தது. தலைமைப் பொறுப்புகள் மூன்று. 'மயோர்தோமோ மயோர்' சமையல், விருந்து, கணக்கு, ஊழியரின் தங்குமிடம் ஆகியவற்றைப் பார்ப்பவர். 'சுமில்யேர் தெ கோர்ப்ஸ்' படுக்கையறைக்குப் பொறுப்பு: அரசன் எழும்போது சட்டையை எடுத்துக் கொடுப்பதும், அரசனின் அறையிலேயே இரவில் படுக்கும் உரிமையும் அவருக்கு. 'கபயெரீசோ மயோர்' குதிரை லாயத்துக்குத் தலைவர். அரசன் அரண்மனையை விட்டுக் கிளம்பினால், வேட்டையானாலும் ஊர்வலமானாலும், பக்கத்தில் இருப்பவர் இவரே. லெர்மா பிடித்துக்கொண்டவை பின்னிரண்டும். உள்ளே இருந்தாலும் வெளியே போனாலும் அரசன் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. பின்னால் நான்காம் பிலிப்பிடம் இதே நிலையில் இருந்த ஒலிவாரெசும் அதே இரண்டைத்தான் குறிவைத்து வாங்கினார். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசியின் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. அதை 1599-ல் மனைவி கத்தலீனா தெ லா செர்தாவை அரசி மார்கரீத்தாவின் தலைமைத் தோழியாக அமர்த்தி அடைத்தார். மனைவி 1603-ல் இறந்ததும் அதே இடத்துக்குத் தங்கை, லெமோஸ் பிரபுவின் தாய், வந்தார்.

காகிதம் போன வழியையும் கட்டுரையில் விளக்க வேண்டும். ஆலோசனை மன்றம் ஒன்று தன் கருத்தை எழுதி அரசனுக்கு அனுப்பும். அவர் ஓரத்தில் பதில் எழுதித் திருப்புவார். இரண்டாம் பிலிப் இதைத் தன் கையாலேயே மலைமலையாகச் செய்தார். லெர்மா காலத்தில் அந்தக் காகிதக் கட்டு லெர்மாவிடமே வந்தது. 'மன்னர் இவ்வாறு ஆணையிட்டார்' என்று லெர்மா கையெழுத்திட்ட சிறு தாள் ஒன்று மன்றத்துக்குத் திரும்பிப் போனது. ஸ்பானியத்தில் 'பில்யேத்தே'. தமிழில் 'சீட்டு' என்றாலே போதும், புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். லெர்மா சொல்வதை ஏற்று நடக்க வேண்டும் என்று 1612-ல் அரசன் மன்றங்களுக்கு எழுத்தாகவே அறிவித்தார். அதற்குள் பதினான்கு ஆண்டு ஓடிவிட்டது. வழக்கம் முதலில், எழுத்து பிறகு.

என் பரிந்துரை: சுமில்யேர் = பள்ளியறை நாயகம், கபயெரீசோ மயோர் = லாய நாயகம், மயோர்தோமோ மயோர் = அரண்மனை மணியம். 'அகம்படித் தலைவர்' நல்ல பழஞ்சொல்தான். ஆனால் இன்று சாதிப்பெயராகப் படிக்கப்படும், வேண்டாம்.

————

ஒரு நடைமுறைச் சிக்கல். 'அணுக்கர்' நான்காம் வேற்றுமை ஏற்றால் 'அணுக்கருக்கு'. பள்ளிப் பிள்ளை அதை இயற்பியல் பாடமாகத்தான் படிக்கும். தேடுபொறியும் அணுக்கருப் பிளவைக் கொண்டுவந்து கொட்டும். 'அரசணுக்கர்' என்று முன்னொட்டுச் சேர்த்தால் தப்பிக்கலாம். தனிச்சொல்லாக வேண்டவே வேண்டாம்.

————

அரசணுக்கர் எனக்குச் சம்மதம். ஸ்பெயினின் காஸ்தீல் அரசன் இரண்டாம் ஹுவானுக்கு நெருக்கமாக இருந்து 1453-ல் தலை வெட்டப்பட்ட ஆல்வரோ தெ லூனாவுக்கும், 1643-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒலிவாரெசுக்கும்கூடப் பொருந்துகிறது. ஒலிவாரெஸ் தன்னை அமைச்சன் என்று சொல்லிக்கொள்ளவே விரும்பினார். அது அவர் பாடு.

நான் வந்தது குடும்பப் பகுதிக்காக. வரைவில் 'மயொராஸ்கோ'வைத் 'தலைமகன் சொத்து' என்று எழுதியிருக்கிறார்கள். பாதிதான் சரி. 1505-ன் தோரோ சட்டங்கள் ஒழுங்குபடுத்திய முறை இது. நிலமும் பட்டமும் பங்கு பிரியாமல் ஒரே வாரிசுக்குப் போகும். அரசனின் உரிமம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. கடன் கொடுத்தவன் வருமானத்தைப் பிடிக்கலாம், நிலத்தைத் தொட முடியாது. பிரபுக்கள் கழுத்துவரை கடனில் இருந்தும் நிலம் கைமாறாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

'தலைமகன்' ஏன் பிழை என்றால், மகன் இல்லாத இடத்தில் பெரும்பாலான மயொராஸ்கோ மகளுக்குப் போகும். லெர்மா குடும்பமே இதற்குச் சாட்சி. லெர்மா தன் இளைய மகன் தியேகோவை இன்ஃபந்தாதோ கோமகக் குடும்பத்து வாரிசு லூயிசா தெ மெந்தோசாவுக்குக் கட்டிவைத்தார். லூயிசாவின் தாய் ஆனா தன் உரிமையிலேயே ஆறாம் கோமகள். தியேகோ–லூயிசாவின் மகன் ரொத்ரீகோ ஏழாம் கோமகன் ஆனார். இரண்டு பெண்கள் வழியாக நடந்து, காஸ்தீலின் பெருவீடு ஒன்று சாந்தொவால் பேரனிடம் சேர்ந்தது. மற்றச் சம்பந்தங்களும் இதே கணக்கில்தான்: மகள் ஹுவானா மெதீனா சிதோனியா வீட்டுக்கு, மகள் கத்தலீனா சொந்த அத்தை மகனான லெமோஸ் பிரபுவுக்கு. செர்வாந்தெசின் நாவலான தோன் கிஹோத்தேயின் இரண்டாம் பாகம் 1615-ல் காணிக்கையானது இந்த மருமகனுக்கே.

நம் பக்கத்தில் பங்கு பிரியாத ஜமீன்களுக்கு 1904-ல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. அந்த வழக்கை ஒட்டிப் 'பிரியாச்சொத்து' என்று வைக்கலாம். வாரிசு முறையைக் காட்ட வேண்டிய இடத்தில் 'மூத்தவழிப் பிரியாச்சொத்து'. நீளந்தான், ஆனால் பொய் சொல்லாது.

————

> மூத்தவழிப் பிரியாச்சொத்து

ஏற்கலாம், அம்மா. முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு பிரியாச்சொத்து என்று சுருக்கிக்கொள்ளட்டும். 'கிராந்தே'யை ஒலிபெயர்ப்பாகவே விடுவோம். அரசன் முன் தொப்பி அணியும் உரிமை உள்ளவர் என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் தீர்ந்தது.

வரைவில் திருத்த இன்னும் இரண்டு. தலைநகர் வயதோலிதுக்குப் போனது 1601, மத்ரிதுக்குத் திரும்பியது 1606. வரைவு இரண்டையும் ஒரே ஆண்டில் போட்டிருக்கிறது. லெர்மா கர்தினால் ஆனது 1618-ல், வீழ்ச்சிக்குச் சில மாதம் முன்பு. 'பதவி போன பின் துறவு பூண்டார்' என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அது துறவு இல்லை, காப்பு. கர்தினாலின் செவ்வங்கி போட்டவரைச் சாதாரண நீதிமன்றம் தொட முடியாது. அவருடைய ஆள் ரொத்ரீகோ கால்தெரோனுக்கு அந்த அங்கி இல்லை; 1621 அக்டோபரில் மத்ரிதின் பெருஞ்சதுக்கத்தில் தலை போயிற்று.

————

ஒரே ஒரு ஐயம். லெர்மாவைத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்கு வந்தவர் மூத்த மகன், உசேதா கோமகன் கிறிஸ்தோபல். அவரையும் அரசணுக்கர் என்று குறிக்கலாமா?

————

குறிக்கலாம். ஆனால் 1612-ல் தந்தைக்குக் கிடைத்த அளவு அதிகாரம் மகனுக்குத் தரப்படவில்லை. தகவற்பெட்டியில் 'அரசணுக்கர், 1618–1621' என்று போட்டு, இதை அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.