மறு: பைப் கிண்ணத்தின் ‘கேக்’: கரிப்படிவா, கரியடையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புகைபிடிக்கும் பைப்பின் கிண்ணத்துக்குள் ஒட்டி இறுகும் ‘கேக்’ முதலியவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதற்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. ‘பைப் பிடிப்பவர்களுக்கு எதற்கு ஐயா கலைச்சொல்’ என்று ஒருவர் கடிந்துகொண்டார். நியாயம்தான். புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் என்ன செய்யும் என்று தெரிந்துதான் வாரத்துக்கு இரண்டு முறையோடு நிறுத்தியிருக்கிறேன். யாரையும் இழுத்துவிட இதை எழுதவில்லை. ஆனால் தினம் கையில் எடுத்துத் துடைக்கிற பொருளின் பாகங்களைத் தமிழில் சொல்ல முடியவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முதலில் பைப். பலர் ‘புகைக்குழாய்’ என்றீர்கள். கப்பல் எஞ்சின் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு எக்ஸாஸ்ட்தான் கண்முன் வருகிறது. பழைய அகராதிகளில் ‘சுங்கான்’ என்று ஒரு சொல் கிடக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம். சுக்கானோடு குழம்பாதா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் குழப்பமே வராது: பிடிப்பது சுக்கான், குடிப்பது சுங்கான்.

இனி கேக். பைப் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். பிரையர் சுங்கானின் கிண்ணம் மரம்தான். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேருக்கு மேல் முண்டாகத் திரளும் கட்டையைத் தோண்டி, அறுத்து, மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, மாதக்கணக்காக உலர்த்திக் கடைகிறார்கள். வெப்பம் தாங்கும் கட்டை. ஆனாலும் மரம் மரம்தானே? உள்ளே புகையிலை எரிய எரிய, அதன் கரியும் சர்க்கரைப் பிசினும் சுவரில் மெல்ல ஒட்டி இறுகும். அந்தக் கறுப்புப் படலம்தான் நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவே நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் தடித்தால் சூட்டில் கரி ஒரு மாதிரியும் மரம் ஒரு மாதிரியும் விரிந்து கிண்ணமே வெடித்துவிடும். அதனால் அவ்வப்போது சுரண்டி அளவாக வைக்க வேண்டும்.

இது தெரியாமல் என் முதல் சுங்கானை நானே கொன்றேன். வீட்டில் வளர்த்த விதம் அப்படி: பாத்திரம் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பேனாக்கத்தியால் மரம் தெரியும்வரை சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். மூன்றே மாதம். கிண்ணத்தின் வெளிப்பக்கம் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பழுப்புப் பொட்டு தெரிந்தது. அடுத்த வாரம் அது கறுப்பாயிற்று. அதற்கடுத்த வாரம் அதன் வழியே புகை வந்தது.

இப்போது உங்கள் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> கரிப்படிவு என்பதே போதும், எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், பிழையும் இல்லை. ஆனால் படிவு என்றால் தானாக வந்து சேர்ந்து தொல்லை கொடுப்பது என்ற வாடை வருகிறது. கெட்டிலின் அடியில் உப்புப் படிகிறது, குழாயில் சுண்ணாம்பு படிகிறது. இங்கே ஆள் காத்திருந்து வளர்க்கிறான்.

> கரிப்பூச்சு?

பூச்சு கையால் பூசுவது. கடையிலிருந்து வரும்போதே உள்சுவரில் கறுப்பாக ஏதோ தடவி அனுப்புகிற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு சொல் வேண்டுமே; பூச்சை அதற்கு விட்டுவைப்போம்.

> காறை. சுவரில் ஒட்டி இறுகுவதால்.

பொருத்தம்தான், ஆனால் பற்காறை நினைவுக்கு வந்து குமட்டுகிறது. வாயில் வைக்கிற சாமான், பாருங்கள்.

> கரிப்பற்று. பத்துப் பாத்திரம் என்கிறோமே, அந்தப் பற்று.

இது என்னை இரண்டு நாள் யோசிக்கவைத்தது. பாத்திரத்தில் ஒட்டிக் காய்ந்ததைக் குறிக்க இதைவிட வீட்டுச்சொல் இல்லை. சிக்கலும் அங்கேதான். பற்று என்றால் கழுவிவிட வேண்டும் என்றே கை பரபரக்கும். என் முதல் சுங்கான் செத்ததே அந்தப் பரபரப்பில்தான்.

நான் முன்வைப்பது ‘கரியடை’. கேக்குக்கு அடை என்று தின்பண்டத்துக்குத் தின்பண்டம் போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். தேனடையை நினையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒட்டிக்கொண்டு, தானே ஒரு சுவராக நிற்பது அடை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, இது தன் வினையைக் கையோடு கூட்டிவருகிறது. தேனீ அடை கட்டுகிறது; சுங்கானில் கரியடை கட்டுகிறது. ‘இன்னும் அடை கட்டவில்லை, மெதுவாக இழு’, ‘அடை தடித்துவிட்டது, சுரண்டு’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கேயும் இடறாது. மற்றதையெல்லாம் இதே மாதிரி வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘கரிப்படிவு உருவாகிறது’ என்று பாடப்புத்தகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒட்டடையும் நினைவுக்கு வருகிறதே என்றால், வரட்டும். அதுவும் புகையில் பிறந்ததுதான்.

இதே கணக்கில், புதுச் சுங்கானை முதல் சில வாரங்கள் கால் கிண்ணம், அரைக் கிண்ணம் என்று நிரப்பிப் பக்குவப்படுத்துவதற்குச் சொல் உருவாக்கவே தேவையில்லை. புதுத் தோசைக்கல்லையும் கல்சட்டியையும் என்ன செய்கிறோம்? பழக்குகிறோம். சுங்கானையும் பழக்குவோம்.

கரியடை கட்டவே விடக்கூடாத சுங்கானும் உண்டு. மீர்ஷாம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் வட்டாரத்தில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் வெள்ளைக் கல்லில் செதுக்குவது. ஈரத்தில் சோப்புக்கட்டி மாதிரி வெட்ட வரும். காய்ந்தால் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசு. புகைக்கப் புகைக்க வெள்ளை போய்த் தேன் நிறம் ஏறும். இஸ்மிரில் கரையிறங்கியபோது வாங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி ஆகியிருக்கிறது, விளிம்பு இன்னும் வெள்ளை.

பெயர் ஜெர்மன், பொருள் ‘கடல் நுரை’. அப்படியே பெயர்த்து ‘கடல்நுரைச் சுங்கான்’ என்று ஒரு அன்பர் அனுப்பியிருந்தார். அங்கேதான் வேடிக்கை. நாட்டு மருந்துக் கடையில் போய்க் கடல்நுரை கேளுங்கள், கணவாய் மீனின் ஓட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். சித்த மருத்துவத்தில் அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. இதில் இன்னொரு முடிச்சு: இந்தக் கல்லுக்குக் கனிமவியலில் செபியோலைட் என்று பெயர். 1847-இல் அந்தப் பெயரை வைத்தது, கல் கணவாய் ஓடு போல இருப்பதால்தான். செபியா என்றால் கணவாய். நம் மருந்துக்கடைக்காரரும் ஜெர்மன் கனிமவியலாரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே உவமையைச் சுற்றியிருக்கிறார்கள்! இருந்தாலும் பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் நாம் விலகிவிடலாம். துருக்கியர் இதை ‘லூலெதாஷி’ என்கிறார்கள். லூலெ சுங்கான் கிண்ணம், தாஷ் கல். ‘சுங்கான்கல்’ என்று வைத்தால் வேலை முடிந்தது.

பிரையரைப் பெயர்க்க வேண்டாம், அப்படியே விடுங்கள். ஆங்கிலத்தில் அதே எழுத்தில் முட்செடிக்கும் ஒரு சொல் இருப்பதால் ‘முள்மரச் சுங்கான்’ என்று யாரோ எழுதியிருந்தீர்கள். இது பிரெஞ்சு ‘புருயேர்’ ஆங்கிலேயர் வாயில் திரிந்தது. முள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புகையிலை வகைகளில் ஒன்றை மட்டும் கேட்டு முடிக்கிறேன். லட்டாக்கியா என்று ஒரு புகையிலை. சிரியாவின் துறைமுகப் பெயர். பிற்காலத்தில் சைப்ரஸிலும் செய்தார்கள். இலையைக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் விறகும் மணச்செடிகளும் புகையவிட்டுக் கறுப்பாக்குவார்கள். டப்பாவைத் திறந்தால் அணைத்த அடுப்பின் வாசம். பிரச்சினை என்னவென்றால் அதை ஒருமுறை நிரப்பிய சுங்கானில் அந்த வாசம் ஏறிவிடும். அப்புறம் இனிப்பான வர்ஜீனியாப் புகையிலை போட்டாலும் லட்டாக்கியாதான் எட்டிப் பார்க்கும். ஆகவே அதற்கென்று ஒரு சுங்கானைத் தனியாக ஒதுக்குவார்கள். நான் வீட்டில் அதைக் ‘கருவாட்டுச் சட்டி’ என்கிறேன். கலைச்சொல்லாகத் தேறுமா?

அன்புடன்,
எஞ்சின் அறையிலிருந்து

----

அண்ணைக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

சுங்கான் எங்களுக்குப் புதுச் சொல் இல்லை, தாராளமாக வையுங்கள். ‘கரிப்பற்று’ வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம் தருகிறேன். எங்கள் பக்கத்தில் சுருட்டைக் குடிப்பதையே ‘பத்துதல்’ என்போம். அப்பு விறாந்தையில் இருந்து சுருட்டுப் பத்துவார். சுங்கானைப் பத்தும்போது பற்றும் பற்று என்றால் வாசிக்கிற ஆள் ஓடிவிடும். கரியடைக்கு என் ஓட்டு.

லட்டாக்கியா பற்றி வாசிக்கச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரிலும் குடிலுக்குள் புகையிலையைத் தூக்கித் தேங்காய் மட்டைப் புகை போடுவார்கள். சின்ன வயதில் அந்தப் பக்கம் போய் வந்தால் சட்டையை அம்மா கிணற்றடியிலேயே கழற்றச் சொல்லுவார். கருவாட்டுச் சட்டியைக் கட்டாயம் சேருங்கள்.

ஒரு கேள்வி. முழுக்க எரியாமல் சுங்கானின் அடியில் ஈரமாகக் கிடக்கும் புகையிலைக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

----

தம்பி, அதற்கு ஆங்கிலத்தில் ‘டாட்டில்’ என்பார்கள். நான் ‘அடிக்கசடு’ என்று குறித்து வைத்திருந்தேன், மனசுக்கு ஒட்டவில்லை. பாதியில் அணைத்துக் காதில் செருகி வைக்கிற சுருட்டுக்கு உங்கள் பக்கம் என்ன பெயர்?

----

குறைச்சுருட்டு, அண்ணை.

----

அப்படியானால் இது ‘குறை’. பட்டியலில் ஏற்றிவிட்டேன். ‘குறையைத் தட்டிவிட்டுப் படு’ என்று இன்று ராத்திரி எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.