புதிய டே டிரேடருக்கான தினசரி அட்டவணை

கேள்வி: டே டிரேடிங் (பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பது) தொடங்கப் போகிறேன். ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

பதில் 1: சந்தை திறக்க ஒரு மணி நேரம் முன்பே உட்காருங்கள். செய்தி வந்திருக்கும், வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) அதிகமுள்ள 3 பங்குகள் போதும். நேற்றைய உச்சம், தாழ்வை சார்ட்டில் கோடிடுங்கள். முதல் 15 நிமிடம் ஆர்டர் வேண்டாம். விலை இருபக்கமும் பாய்ந்து ஸ்டாப் லாஸை (நஷ்டம் பெருகாமல் வெளியேற முன்பே குறித்து வைக்கும் விலை) அடித்துவிடும்.

பதில் 2: அதைவிட முக்கியம் அளவுக் கணக்கு. மூலதனம் 1,00,000, ஒரு டிரேடுக்கு 1% ரிஸ்க் என்றால் 1,000. வாங்கும் விலை 250, ஸ்டாப் லாஸ் 245 எனில் ஒரு பங்குக்கு ரிஸ்க் 5, ஆக 1,000 ÷ 5 = 200 பங்குகள், அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். இரண்டு முறை ஸ்டாப் லாஸ் அடித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விட்டதைப் பிடிக்க அளவைக் கூட்டுவதுதான் கணக்கைக் காலி செய்யும்.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. மதியம்?

பதில் 1: வால்யூம் வற்றும், பிரேக் அவுட் (விலை முந்தைய உச்சத்தையோ தாழ்வையோ உடைத்துப் போவது) பெரும்பாலும் பொய்க்கும். ஒதுங்கியிருங்கள். மாலையில் ஒவ்வொரு டிரேடையும் காரணத்தோடு நோட்டில் எழுதுங்கள்.